மற்ற நாலு பேர்

அனுப்பலாம் அக்கா. தாராளமாக அனுப்பலாம். பெண் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். வேன் தெருமுனை வரைக்கும் வரும். இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். உங்கள் மகள் பி.காம். முடித்திருக்கிறாள் என்றால் அதுவே போதும். மற்றதை அவர்களே சொல்லித் தருவார்கள்.

என் கழுத்தில் கிடக்கிற அட்டையைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? ஆமாம், சங்கரன்கோவிலில் இருக்கிற அந்தக் கம்பெனிதான். முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டிடம். மணமேடை இருந்த இடத்தில் இப்போது ஸ்டீபன் சார் உட்காருகிறார். திருநெல்வேலியில் இன்னொரு கிளை திறந்திருக்கிறார்கள். அங்கே புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வேலை கஷ்டமா என்று கேட்டீர்கள். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் சரியாக இருக்காது. நாளைக்கு உங்கள் மகள் வந்து பார்த்துவிட்டு, அந்த அக்கா பஸ்ஸில் இதைச் சொல்லவே இல்லையே என்று நினைக்கக் கூடாது. யாராவது என்னை அப்படி நினைத்துவிடுவார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. தேவர்குளம்கூட இன்னும் வரவில்லை. சொல்கிறேன்.

போனில் ஏதாவது தேடிப் படம் பார்த்திருக்கிறீர்களா? கோலம், ஜாக்கெட் டிசைன் என்று போட்டால் வரிசையாகப் படம் வருமே, அதுதான். எந்தப் படம் முன்னால் வர வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று மிஷினுக்குத் தானாகத் தெரியாது. ஆள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ஆள் நாங்கள். திரையில் மேலே ஒரு வார்த்தை வரும், கீழே ஒரு படம் வரும், அதற்கும் கீழே நாலு பொத்தான். மிகப் பொருத்தம், பொருத்தம், குறைவு, இல்லை. முதல் பொத்தானுக்கு எங்கள் பிள்ளைகள் ‘ஃபுல்லு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றை அமுக்கினால் அடுத்த படம் வந்துவிடும். கையும் கண்ணும் இருந்தால் போதும்.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. அதைத்தான் உங்கள் மகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். ஒரே படம் அஞ்சு பேருக்குப் போகும். அஞ்சு பேரில் அதிகம் பேர் எதை அமுக்குகிறார்களோ அதுதான் சரியான விடை. மாற்றி அமுக்கினவளுக்குத் தப்பு. தப்பு சேரச் சேரப் பெயர் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும், மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும். ஆடியில் சேர்ந்தோம். தீபாவளிக்கு முன்னால் பச்சையில் இருக்கிறவர்களை நிரந்தரம் ஆக்குவார்கள். சிவப்பில் இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு வீடு என்றால் பீடித்தட்டு. அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறியது நான்தான், இங்கிலீஷ் லிட்டரேச்சர். படிப்பு முடிந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம், “என்ன இசக்கி, டிகிரி பீடியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தமாஷுக்குத்தான் கேட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே இலையை நனைப்பாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் எனக்குப் பச்சை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், பச்சை மட்டும் வேண்டும் என்று இருந்தேன்.

முதல் வாரமே தப்பு விட்டேன். ‘அழகான கைகள்’ என்று வார்த்தை. படத்தில் ஒரு பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். கறுத்த கை, நீளமான விரல்கள். நன்றாக இருந்தது. ஃபுல்லு அமுக்கினேன். தப்பு. மற்ற நாலு பேரும் குறைவு போட்டிருந்தார்கள். அதே வார்த்தைக்கு முன்னால் வந்த கைகள் எல்லாம் வெள்ளைக் கைகள், நகத்தில் ரோஸ் கலர். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பக்கத்து சீட்டில் முப்பிடாதி. கரிவலம்வந்தநல்லூர்க்காரி. அவள் மெதுவாகப் பேசினாலே ரேடியோ செட் கட்டினது மாதிரி இருக்கும். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

“ஏட்டி, ஒனக்கு என்ன தோணுதுன்னு இங்க யாரு கேட்டா? மத்த நாலு பேரு என்ன போடுவாவன்னு நெனச்சுப் போடு.”

“அவங்க என்ன நெனப்பாங்க?”

“அவளுவளும் மத்த நாலு பேர நெனச்சுகிட்டுதான் ஒக்காந்திருப்பாளுவ.”

“அப்ப படத்த யாருதான் பாக்குதா?”

“படத்தப் பாத்துகிட்டு இருந்தா வேன் போயிரும். அமுக்குட்டி.”

அதற்குப் பிறகு எனக்குச் சுலபமாகிவிட்டது. டாக்டர் என்று வந்தால் வெள்ளைக் கோட்டு, வெள்ளை முகம், சிரிப்பு. ஃபுல்லு. நம்மூர்ப் பெண் ஒருத்தி ஸ்டெதாஸ்கோப்போடு நின்றால் குறைவு. மணப்பெண்ணும் அப்படித்தான், மேனேஜரும் அப்படித்தான். கூலி ஆள் என்று வந்தால் அது வேறு. அதற்கு நம் ஆட்கள்தான் ஃபுல்லு. நாங்கள் ஒரே வரிசையில் அஞ்சு பேர்: நான், முப்பிடாதி, பானு, ஜெபராணி, சுடலி. பெரும்பாலும் எங்களுக்குள்ளேதான் படம் சுற்றும். வெளுத்த தோல் எங்களில் ஒருத்திக்கும் கிடையாது. பானு மட்டும் மாநிறம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெபராணி சொன்னாள்: “திருடன்னு போட்டு ஒரு படம் வந்துச்சு பாரு, அச்சு அசல் எங்க அண்ணன் மாதிரியே இருந்தான்.”

“என்ன போட்ட?”

“ஃபுல்லுதான்.”

சிரித்துச் சிரித்துச் சுடலிக்குப் புரை ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? அவளுக்கு அன்றைக்குத் தப்பே விழவில்லை.

ஜன்னலைச் சாத்தட்டுமா அக்கா? தூறல் விழுகிறது.

புரட்டாசி கடைசி. என் பெயர் பச்சையில்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில் இருந்தது. ஒரு தப்பு விழுந்தால் மஞ்சள். முப்பிடாதி மஞ்சளில், அதுவும் சிவப்பின் ஓரத்தில். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வராது. கண்ணை மூடினால் நாலு பொத்தான் தெரியும்.

அன்றைக்கு வந்த வார்த்தை ‘பட்டதாரிகள்’. காலையிலிருந்து அதே வார்த்தை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொப்பியை ஆகாயத்தில் வீசுகிறார்கள். பச்சைப் புல்வெளி. ஃபுல்லு. இன்னொரு கூட்டம் தொப்பி வீசுகிறது. ஃபுல்லு. பதினோரு மணி டீக்கு முன்னால் ஒரு படம் வந்தது. ஷாமியானா. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கறுப்பு அங்கி போட்ட பெண்கள் ஒரு வரிசை.

அந்தப் படத்தில் நான் இருந்தேன்.

எங்கள் காலேஜில் எடுத்தது. காலேஜ்காரர்கள் எங்கோ போட்டிருப்பார்கள், அது சுற்றிச் சுற்றி எங்கள் மண்டபத்துக்கே வந்துவிட்டது. இடப் பக்கமிருந்து மூன்றாவது ஆள் நான். அங்கி வாடகைக்கு எடுத்தது, எல்லாருக்கும் ஒரே அளவு, எனக்குக் கை மறைந்து கிடக்கிறது. கேமராக்காரர் எங்களைப் பார்த்து, “எம்மா, எல்லாரும் பல்லக் காட்டுங்க, இல்லாட்டி படத்துல அங்கி மட்டுந்தான் தெரியும்” என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த நேரம் வேறு பக்கம் திரும்பிவிட்டேன். அதுதான் பதிந்திருக்கிறது.

நான் எல்லாவற்றுக்கும் படபடக்கிற ஆள் அக்கா. போன் அடித்தால் படபடக்கும். ஆனால் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. முதலில், படம் தெளிவில்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான், இது நான் என்று தோன்றியது. அந்த முன்பின் வரிசையில்தான் தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன்.

மற்ற நாலு பேரை நினைத்தேன். அவர்கள் காலையிலிருந்து புல்வெளியும் தொப்பியும் பார்த்து வந்தவர்கள். ஷாமியானாவுக்கு என்ன போடுவார்கள்? குறைவு அமுக்கினேன். அடுத்த படம் வந்துவிட்டது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் முப்பிடாதி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏட்டி இசக்கி! இன்னைக்குத் திரையில நீ வந்தட்டி! மகராணி கணக்கா அங்கி மாட்டிகிட்டு எங்கயோ பாத்துகிட்டு நிக்க!”

“எனக்கும் வந்துச்சு,” என்றாள் பானு.

“எனக்கும்தான்,” என்றாள் சுடலி. “மொதல்ல அடையாளம் தெரியல. மூக்குத்தி வச்சுக் கண்டுபிடிச்சேன்.”

“ஃபுல்லுதான போட்டிய?” முப்பிடாதி ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். “நம்ம புள்ளைக்கு எவளாவது கொறச்சிருந்தா இன்னைக்குக் கொழம்பு கெடையாது.”

எல்லாரும் ஃபுல்லு. ஜெபராணி ரெண்டு தடவை அமுக்கினேன் என்றாள். ரெண்டு தடவை அமுக்க முடியாது, சும்மா சொன்னாள். முப்பிடாதி என் பாக்ஸில் அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். “ஒனக்கும் வந்துருக்குமே, நீயும் ஃபுல்லுதான?” என்றாள். என் வாயில் சோறு இருந்தது. பதிலுக்கு அவளும் காத்திருக்கவில்லை.

அந்த நேரம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எனக்குத் தப்பு விழப்போகிறது.

விழுந்தது. மறுநாள் காலையில் என் பெயர் மஞ்சளில் இருந்தது. ஸ்டீபன் சார் மணமேடைக்குக் கூப்பிட்டார். நல்லவர்தான், சத்தம் போட மாட்டார்.

“என்னம்மா இசக்கியம்மாள், நாலு பேரு ஒண்ணு போட்டிருக்காங்க, நீ மட்டும் தனியா நிக்க. கை தவறிப் போச்சா?”

“இல்ல சார். யோசிச்சுதான் போட்டேன்.”

“அப்படின்னா மறுபரிசீலனைக்கு எழுது. காரணம் சரியா இருந்தா மேல உள்ளவங்க மாத்துவாங்க. இங்க யாரும் எழுதுறதே இல்ல. இங்கிலீஷ்ல எழுதணும்னு பயம். நீ அதத்தான படிச்சிருக்க?”

ஆமாம், அதைத்தான் படித்திருக்கிறேன். மூன்று வருஷம் படித்தது ஒரு காரியத்துக்கும் உதவாது என்று எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்கு உதவியது. உட்கார்ந்து எழுதினேன். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பொய் ஒரு வார்த்தை கலக்காமல் எழுதினேன். அங்கிகள் உடம்புக்குப் பொருந்தவில்லை. முகங்கள் கறுப்பாக இருப்பதால் கறுப்பு அங்கியோடு கலந்துவிடுகின்றன. பின்னணி பட்டமளிப்பு விழா மாதிரி இல்லை, ஏதோ வீட்டு விசேஷம் மாதிரி இருக்கிறது. ஒரு பெண் ரப்பர் செருப்பு போட்டிருக்கிறாள். இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்தால் பட்டம் வாங்க வந்தவளாகத் தெரியவில்லை, அங்கி மாட்டிப் பார்க்க வந்தவள் மாதிரி தெரிகிறது. பட்டதாரி என்று தேடுகிறவர் இந்தப் படத்தை எதிர்பார்க்க மாட்டார்.

சார் படித்துப் பார்த்தார். படத்தையும் பார்த்தார். எதிரே நின்ற என்னைப் பார்த்து, “பிரமாதமா எழுதியிருக்கம்மா” என்றார். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருத்தர் அப்படிச் சொன்னார்.

முப்பிடாதியைப் பற்றி நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் காரணங்கள் மாறியிருக்காது. எல்லாம் படத்தில் இருந்தவைதானே?

மேலிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். விடையை மாற்றினார்கள். குறைவு என்பதுதான் சரி. என் பெயர் பச்சைக்கு வந்தது. மற்ற நாலு பேருக்கும் தப்பு விழுந்தது. பானுவுக்கும் ஜெபராணிக்கும் சுடலிக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் பச்சைக்குள் நன்றாக உள்ளே இருந்தார்கள். முப்பிடாதி சிவப்புக்குப் போய்விட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. டிபன் பாக்ஸ், குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, நேராக என் சீட்டுக்கு வந்தாள்.

“மனு எழுதுனது நீதானாமே?”

“ஆமா.”

“என்னட்டி எழுதுன?”

கேட்டாளே என்று, நான் எழுதினதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். அங்கி, முகம், ஷாமியானா, செருப்பு, மூன்றாவது பெண் எல்லாம் சொன்னேன். அவள் நடுவில் குறுக்கே பேசவில்லை. அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

“அந்த மூணாவது ஆளு யாருன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“நாங்க நாலு பேரும் ஒன்னயப் பட்டதாரின்னு சொன்னோம். நீ, இல்லன்னு மனு போட்டு ஜெயிச்சிட்ட.” பையைத் தோளில் மாட்டினாள். “நல்லா இரிட்டி. என் வேல போனதுகூட எனக்குப் பெருசில்ல, ஏதாவது ஒரு கடையில துணி மடிச்சுப் பொழச்சுக்கிடுவேன். ஒன்னய நெனச்சாத்தான் எனக்கு என்னமோ பண்ணுது.”

நான் திரைக்குத் திரும்பினேன். திரையில் ஒரு படம் நின்றுகொண்டிருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அவள் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். ரெண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மற்ற மூன்று பேரும் மத்தியானம் சாப்பிட மாடிப்படிக்குக் கீழே போய்விட்டார்கள். அங்கே நாலாவது ஆளுக்கு இடம் கிடையாது என்று பானு சொன்னாள். போய்ப் பார்த்தேன், இடம் இருந்தது. எனக்கு அதில் கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. நான் எழுதினதில் எது பொய்? அதை அவர்கள் சொல்லலாமே. நீங்கள் சொல்லுங்கள் அக்கா, எது பொய்?

சரி, விடுங்கள்.

நிரந்தரம் ஆகிவிட்டது. அம்மா தெருவுக்கே அல்வா கொடுத்தாள். அப்பா, என் பேர் அச்சடித்த வேலை ஆர்டர் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அதற்கு அடுத்த வாரம் ஸ்டீபன் சார், “நீ புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, காரணம் சொல்லத் தெரிஞ்ச ஆள் நீதான்” என்று பயிற்சிக்குப் போட்டுவிட்டார். மேலிடத்திலிருந்து பாடத்துக்கு உதாரணப் படங்கள் அனுப்பினார்கள். குறைவு என்பதற்கு உதாரணம், பட்டதாரிகள். ஷாமியானா, நீல நாற்காலி. கீழே நான் எழுதின காரணங்கள், கொஞ்சம் சுருக்கி. என் பெயர் போடவில்லை. அது வழக்கம் இல்லை.

போன வாரம் திருநெல்வேலியில் முதல் வகுப்பு. எல்லாம் இந்த வருஷம் படித்து முடித்த பிள்ளைகள். மானூர், கங்கைகொண்டான் பக்கமிருந்து வருகிறார்கள். முதலில் விதியைச் சொன்னேன். மற்ற நாலு பேரைச் சொன்னேன். புல்வெளி, தொப்பி எல்லாம் காட்டினேன். பிறகு சுவரில் அந்தப் படத்தைப் போட்டு, நான் பக்கத்தில் நின்றுகொண்டு, “அமுக்குங்க” என்றேன். விடை முதலில் சொல்லக் கூடாது, அவர்களாகவே போட வேண்டும்.

டக்டக்கென்று அமுக்கினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் அமுக்கவில்லை. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“என்னம்மா யோசனை?”

“ஒண்ணுமில்ல மிஸ்.”

“உனக்கு என்ன தோணுதுன்னு பார்க்காத. மத்தவங்க என்ன போட்டிருப்பாங்க? அத நெனச்சுப் போடு.”

அவள் பக்கத்தில் இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள். அமுக்கினாள். குறைவு.

எல்லாருக்கும் பச்சை விழுந்தது அக்கா. ஒருத்திகூடத் தப்பாகப் போடவில்லை. முதல் வகுப்பிலேயே அப்படி வருவது கஷ்டம் என்று சார் சொன்னார். அந்தப் பெண் மட்டும் வகுப்பு முடிகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெளியே போகும்போதும் குனிந்துகொண்டே போனாள். கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

உங்கள் மகளும் கூச்சப்படுகிற பிள்ளையா? பரவாயில்லை, அனுப்புங்கள். பழகிவிடும்.